26 வயதில்தான் முழுப் பசியா?

அவையோரே,

வேலையற்ற இளைஞருக்கு அரசு தரும் உதவித்தொகையை வயதைப் பார்த்துக் குறைக்கலாமா என்பதைப் பொதுவில் பேசினால் அது பட்டிமன்றமாகிவிடும். ஆகவே அயர்லாந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2008இல் அங்கே வங்கிகளும் கட்டுமானத் தொழிலும் சேர்ந்தே சரிந்தன. மறு ஆண்டு, வாரத்துக்கு 204.30 யூரோவாக இருந்த உதவித்தொகை, புதிதாக விண்ணப்பிக்கும் 18, 19 வயதினருக்கு 100 யூரோவாக்கப்பட்டது. அடுத்த நிதிநிலை அறிக்கை 20, 21 வயதினரையும் அந்த நூறுக்குள் கொண்டுவந்தது. 2014 ஜனவரி முதல் புதிய விண்ணப்பதாரருக்கு 24 வயது வரை 100, 25 வயதில் 144, 26 நிறைந்த பிறகே அப்போதைய முழுத்தொகையான 188 என்று ஆயிற்று. பிள்ளை பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. புதியவர்களுக்கு மட்டுமே வெட்டு என்பதால், ஒரே வரிசையில் நிற்கும் 23 வயதுக்காரர் இருவர் வெவ்வேறு தொகை வாங்கிச் செல்லும் விந்தையும் நேர்ந்தது.

தொகை குறைந்தால் இளைஞர் உதவித்தொகையிலேயே தங்கிவிடாமல் படிப்புக்கும் பயிற்சிக்கும் போவார்கள் என்பது அப்போதைய சமூகப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ஜோன் பர்ட்டன் தரப்பின் வாதம். பயிற்சியில் சேர்ந்தவருக்குக் கூடுதல் தொகை கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2012இல் வேலைச் சந்தையிலிருந்த இளைஞரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு வேலையில்லை. வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் விமானம் ஏறியவர்களைச் சோம்பேறிகள் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு வாதம், இளைஞர்தாம் பெற்றோர் வீட்டில் இருக்கிறார்களே, அவர்களுக்கு எதற்கு முழுத்தொகை என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உதவித்தொகை வருமானத்தை ஆராய்ந்த பிறகே வழங்கப்படுவது. 24 வயது வரை பெற்றோருடன் வாழ்பவர் விண்ணப்பித்தால், பெற்றோரின் வருமானத்தையும் கணக்கிட்டு ஏற்கெனவே தொகையைக் குறைத்துவிடுகிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை அந்தச் சல்லடையிலேயே நின்றுவிடுகிறார் என்றால், அதன்மேல் போட்ட வயது வெட்டு யாரைத் தாக்கும்? பெற்றோரிடமும் பணம் இல்லாதவரையும், போக வீடே இல்லாதவரையும்தான். அந்த வெட்டின் முழுக் கொடுமையும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கடைகள் அடைக்கப்பட்டபோது, வேலையிழந்தோருக்கு வாரம் 350 யூரோ என்று அதே அரசு அறிவித்தது. சில மாதங்கள் 19 வயதினருக்கும் 50 வயதினருக்கும் அதே தொகைதான். வயது பாராமல் கொடுக்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அவ்வாண்டு தொடக்கத்திலேயே 25 வயதினருக்கு முழுத்தொகையான 203 யூரோ திரும்பக் கிடைத்திருந்தது. 24 வயது வரையிலானவர்களில், தனித்து வாழ்ந்து அரசின் வீட்டு உதவியும் பெறுபவருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. எல்லா இளைஞருக்கும் தாய்வீட்டுச் சோறு இல்லை என்பதைப் பத்தாண்டு கழித்து அரசே ஒப்புக்கொண்டதாகவே இதைப் பார்க்கிறேன். ஆயினும் வீட்டு உதவி கிடைக்காமல் நண்பரின் அறையில் ஒண்டிக் கிடந்த 22 வயதுக்காரர் அந்த விலக்குக்குள் வரவில்லை. அவருக்கு வாரம் 112.70 யூரோதான்.