எட்டு மடங்கும் நான்கு மடங்கும்

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளே!

இரசாயனப் பொறியியல் பேராசிரியர் ஒருவர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார் என்று பேசச் சொன்னீர்கள். முதலில் தோட்டத்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள் போவோம். 100 கிலோ கொழுந்து உள்ளே போனால் ஏறத்தாழ 22 கிலோ தேயிலை வெளியே வருகிறது. மீதி தண்ணீர். வாட்டும்போது ஒரு பகுதி, உலர்த்தும் டிரையரில் மிச்சம் என்று அதை வெளியேற்ற வேண்டும். அதில்தான் வித்தை இருக்கிறது. சூடு மீறினால் மேற்புறம் முந்திக் காய்ந்து இறுகி, ஈரம் உள்ளேயே சிறைப்படும். அந்தத் தேயிலை பெட்டியிலேயே கெட்டுவிடும். சூடு குறைந்தாலோ புழுங்கிப்போகும்.

ஸ்டோரில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கருக்கு இது கைப்பழக்கம். ஆராய்ச்சியாளர் அளந்து பார்க்கிறார். ஈரம் எதுவரை ஒரே வேகத்தில் வெளியேறுகிறது, எங்கிருந்து தளர்கிறது என்று சமன்பாடு எழுதிச் சோதிப்பதிலேயே கலாநிதிப் பட்டத்துக்கான (பிஎச்.டி.) ஆண்டுகள் போய்விடும். வீண் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். டிரையரைச் சூடாக்க எரிகிற விறகுக்கு விலை இருக்கிறது.

இன்னொரு சிக்கல். ஆய்வுகூடக் குவளையில் ஒழுங்காக நடந்தது பெரிய தாங்கியில் அப்படியே நடப்பதில்லை. ஒரு பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்குங்கள். கொள்ளளவு 8 மடங்காகும். வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ 4 மடங்குதான். உள்ளே வெப்பம் பிறக்கும் இரசாயனத் தாக்கமென்றால் அது எப்படி வெளியேறும்? இரசாயனவியலாளர் குவளையோடு நின்றுகொள்ளலாம். பொறியியலாளருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்தத் துறைக்கு வயதும் அதிகமில்லை. இங்கிலாந்தின் ஜார்ஜ் டேவிஸ் மான்செஸ்டரில் இதைப் பற்றி 12 விரிவுரைகள் நிகழ்த்தியது 1887இல். மறு ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அதைப் பட்டப்படிப்பாக்கியது. கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல்! இந்த மலையில் கொழுந்து வாட்டி, அரைத்து, உலர்த்தத் தொடங்கியபோது அதைப் படிப்பிக்க உலகில் ஒரு துறையே இருக்கவில்லை.

பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ 4 ஆண்டுப் பட்டம். அதில் சிறந்த பெறுபேறு இருந்தால் விரிவுரையாளர் பதவி. பிறகு கலாநிதிப் பட்டம், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர்.

பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்குத்தான் மதிப்பு அதிகம். எனக்கோ கற்பித்தலே கடினமான பாதி என்று படுகிறது. கட்டுரையை வாசிப்பவர் பாதி விஷயம் அறிந்தவர். முதலாம் ஆண்டு மாணவர் அப்படியல்ல. தமிழில் உயர்தரம் படித்து, ஆங்கில விரிவுரைக்குள் போய் உட்காரும் நம் பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் பாடத்தைவிட மொழியே பாரமாக இருக்கும். பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளையை அந்த மாதங்களில் கவனித்து, பக்கத்தில் போய் விளக்கும் விரிவுரையாளரைப் பேராசிரியர் ஆவதற்கு முன்பே நான் பேராசிரியர் என்பேன்.

நாளை ஸ்டோர் பக்கம் போகிறவர்கள் டீமேக்கர் ஐயாவிடம் இரண்டு விஷயம் கேட்டுவாருங்கள்: டிரையருக்குள் போகும் காற்றின் வெப்பநிலை என்ன, வெளியே வரும் காற்றின் வெப்பநிலை என்ன? அடுத்த சனிக்கிழமை அந்த எண்களை வைத்துக் கரும்பலகையில் கணக்குப் போடுவோம்.