வன்ராஜ் பாட்டியா: சோப்பு விளம்பரம் முதல் ரிக்வேதம் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். எம்.எஸ்.வி.யையோ இளையராஜாவையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றிப் பேச நம் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது வன்ராஜ் பாட்டியா என்கிற பம்பாய்க்காரரை.

யாரய்யா அது என்று நீங்கள் கேட்கலாம். கொடைக்கானல் போனவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். அங்கே பாம்பார் அருவி என்று ஒன்று இருக்கிறது. வழி கேட்டால், "லிரில் ஃபால்ஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1970-களில் லிரில் சோப்பு விளம்பரத்தை அங்கே படம்பிடித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பச்சை நீச்சலுடையில் ஒரு பெண் அருவியில் ஆடிப்பாடிக் குளிப்பார். பின்னணியில் "லா... லாலலா" என்று ஒரு குரல். அந்த மெட்டு வன்ராஜ் போட்டது. மொழி தேவைப்படாத மெட்டு என்பதால் காஷ்மீரிலும் அதே பாட்டு, கன்னியாகுமரியிலும் அதே பாட்டு. சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குவதற்கு முன் அதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் முணுமுணுப்பார்கள்.

இப்போது இந்த மெட்டைப் போட்டவர் என்ன படித்தவர் என்று பாருங்கள்.

1927 மே 31-ஆம் தேதி பம்பாயில், கட்ச் பகுதியிலிருந்து வந்த குஜராத்தி வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் தேவ்தர் இசைப்பள்ளியில் இந்துஸ்தானி சங்கீதம் கற்றார். பதின்வயதில், ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோவைக் கேட்டிருக்கிறார். அதோடு பையன் பாதை மாறிவிட்டான். மானெக் பகத் என்ற டாக்டரிடம் நான்கு வருஷம் பியானோ படித்தார். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார். அங்கே ஹோவர்ட் பெர்கூசன், ஆலன் புஷ், வில்லியம் ஆல்வின் போன்றவர்கள் ஆசிரியர்கள். ஆல்வின் நிறைய பிரிட்டிஷ் படங்களுக்கு இசையமைத்தவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

லண்டனோடு நிற்கவில்லை. 1954-இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையோடு பாரிஸ் போனார், நாடியா புலான்ஜேயிடம் பாடம் கேட்க. இருபதாம் நூற்றாண்டில் அந்த அம்மாவிடம் படித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அமெரிக்காவின் ஏரன் கோப்லண்ட், அர்ஜென்டினாவின் ஆஸ்டர் பியாசோலா, குயின்சி ஜோன்ஸ், பின்னாளில் பிலிப் கிளாஸ். புலான்ஜே கண்டிப்பான வாத்தியார். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மெட்டுகள் தனித்தனியாக நடக்க வேண்டும், ஒன்று இன்னொன்றின் காலை மிதிக்கக் கூடாது, மூன்றும் சேர்ந்தால் ஒரே பேச்சாகக் கேட்க வேண்டும். இந்த வித்தையில் மாணவர்களைப் பிழிந்தெடுப்பார். வன்ராஜ் இதில் சுமார் ஐந்து வருஷம் ஊறினார்.

1959-இல் இந்தியா திரும்பினார். சரி, இங்கே இந்தப் படிப்புக்கு என்ன வேலை? அவர் எழுதும் சிம்பொனி வகை இசையை வாசிக்க இங்கே முழுநேர வாத்தியக் குழு கிடையாது. கேட்க வருபவர்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம். டில்லிப் பல்கலைக்கழகத்தில் 1960 முதல் 1965 வரை மேற்கத்திய இசையியல் கற்றுக்கொடுத்தார். இன்னொரு பக்கம் விளம்பரத்துக்கு மெட்டுப் போட ஆரம்பித்தார். முதல் மெட்டு சக்தி சில்க் சேலைகளுக்கு. அப்புறம் லிரில், கார்டன் வரேலி, டூலக்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் ஏழாயிரத்துக்கும் மேல் என்று சொல்வார்கள்.

இதைச் சொல்லும்போது சிலர் உச்சுக்கொட்டுவார்கள். பாரிசில் படித்தவர் சோப்புக்குப் பாட்டுப் போடும்படி ஆகிவிட்டதே என்று. எனக்கு அந்தப் பரிதாபம் இல்லை. நானும் விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்து பிழைத்தவன்தான், அதனால் சொல்கிறேன். ஜிங்கிள், அதாவது விளம்பர மெட்டு, என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. 30 வினாடி என்று சொல்வார்கள். கடைசியில் பொருளின் பெயரைச் சொல்ல இடம் விட வேண்டும், ஆக அதிலும் சில வினாடி போய்விடும். மிச்சத்தில் ஒரு மெட்டு தொடங்கி, வளர்ந்து, முடிய வேண்டும். முதல் தடவை கேட்கும்போதே பிடிக்க வேண்டும், நூறாவது தடவை எரிச்சல் வரக் கூடாது. ஒரு சுரம் கூடினாலும் வெட்டிவிடுவார்கள். புலான்ஜேயிடம் கற்றதும் இதே சிக்கனம்தானே? வன்ராஜின் சினிமா இசையைக் கேட்டால் இந்த இரண்டு பள்ளிக்கூடமும் அதற்குள் தெரியும். பாரிஸ் அவருக்கு மொழியைக் கொடுத்தது, விளம்பரம் அதைச் சுருக்கிப் பேசக் கற்றுக்கொடுத்தது என்பது என் கட்சி.

சினிமாவுக்கு அவரைக் கூட்டிவந்ததும் விளம்பர உலகம்தான். ஷியாம் பெனகல் அந்நாளில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். 1974-இல் அவர் எடுத்த முதல் கதைப் படம் 'அங்குர்'. அதற்கு இசை வன்ராஜ். பாட்டை வைத்துத்தான் இந்திப் படமே விற்கும் என்றிருந்த காலத்தில் பாட்டில்லாத படம். இசை வரும் இடங்களும் மிகக் குறைவு. வாங்கின சம்பளத்துக்குப் படம் முழுக்க வாசித்துத் தள்ள வேண்டும் என்று நினைக்கும் இசையமைப்பாளரால் அந்தப் படத்துக்கு வேலை செய்திருக்க முடியாது. அதன் பிறகு பெனகலின் பெரும்பாலான படங்களுக்கு இவர்தான்.

அதில் 1976-இல் வந்த 'மந்தன்' கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குஜராத்தில் பால் கூட்டுறவுச் சங்கங்களின் 5 லட்சம் உறுப்பினர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்த படம் அது. வர்கீஸ் குரியன் முன்னின்று நடத்திய பால் இயக்கம்தான் கதைக்கு அடிப்படை. மாட்டுக்காரர்கள் பணம் போட்ட படத்துக்கு பாரிசில் படித்தவர் என்ன மெட்டுப் போடுவார்? 'மேரோ காம் கத்தா பாரே' என்று ஒரு பாட்டு. பாலாறு ஓடும் எங்கள் ஊரை, எங்கள் வீட்டு முற்றத்தை மறந்துவிடாதே என்று ஒருத்தி பாடுகிறாள். எழுதியவர் நீதி சாகர், பாடியவர் அவருடைய சகோதரி பிரீத்தி சாகர். குஜராத்து நாட்டுப்புறத்தில் நூறு வருஷமாகப் பாடிவரும் பாட்டு என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். வாத்தியங்களைக் கவனித்துக் கேட்டால் மட்டும் தெரியும், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வழியில் போய்க்கொண்டிருக்கும். பாடகியின் பேச்சில் ஒன்றுகூடக் குறுக்கே விழாது.

அந்தப் பாட்டுக்காக பிரீத்தி சாகருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அதைவிட வேடிக்கை, பின்னாளில் அமுல் நிறுவனம் அதையே எடுத்துத் தொலைக்காட்சி விளம்பரமாக்கிவிட்டது! விளம்பரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவரின் சினிமாப் பாட்டு, மறுபடி விளம்பரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இவருடைய முத்திரை இதுதான் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கஷ்டம். 'பூமிகா' ஒரு பழைய மராத்தி நடிகையின் வாழ்க்கையை ஒட்டிய படம். அதில் அந்தக்கால இந்திப் படப் பாட்டுகளின் பாணியையே திரும்பச் செய்துகாட்டினார். 'ஜுனூன்' 1857 கலகத்தின் கதை, அங்கே பழைய சூஃபிக் கவிஞர் அமீர் குஸ்ரோவின் வரிகள். 'திரிகால்' போர்ச்சுக்கீசியர் ஆண்ட கோவாவின் பழங்குடும்பத்துக் கதை, அங்கே இசையின் வாசனையே வேறு. அபர்ணா சென் இயக்கிய '36 சவுரிங்கி லேன்' கல்கத்தாவில் தனியாக வாழும் ஆங்கிலோ-இந்திய ஆசிரியையைப் பற்றியது. 'ஜானே பி தோ யாரோ'வோ முழு நையாண்டி. 1996-இல் 'சர்தாரி பேகம்', தும்ரி என்ற இந்துஸ்தானிப் பாட்டு வகையைப் பாடும் பெண்ணின் கதை. அதில் பாடியவர் ஆரத்தி அங்க்லீகர். இத்தனையும் ஒரே ஆள் போட்டது என்று பெயரைப் பார்த்தால்தான் தெரியும். நம் ஊரில் பாட்டின் முதல் நாலு விநாடியிலேயே இது யாருடையது என்று சொல்லிவிடுவதைப் பெருமையாகப் பேசுகிறோம். வன்ராஜிடம் அந்த விளையாட்டு பலிக்காது. அவர் பெயர் பரவாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். 1980-களில் தூர்தர்ஷன் ஒன்றுதான் இருந்தது என்பது உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். தொடருக்கு இசை போடுவது சினிமாவுக்குப் போடுவதுபோல் இல்லை. தியேட்டரில் உட்கார்ந்தவன் எழுந்து போக மாட்டான், விளக்கை அணைத்தாயிற்று. வீட்டிலோ ஒருத்தர் அடுப்படியில் இருப்பார், ஒருத்தர் வாசலில் பேசிக்கொண்டிருப்பார். தலைப்பிசை கேட்ட மாத்திரத்தில் அவர்கள் டிவி முன்னால் வந்து உட்கார வேண்டும். அதே இசையை வாராவாரம் கேட்கவும் வேண்டும். விளம்பரத்தில் பழகிய கை இதற்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது. 'கந்தான்', 'யாத்ரா', 'வாக்லே கி துனியா' என்று வரிசையாக வந்தன.

'தமஸ்' 1988-இல் வந்தது. தேசப் பிரிவினையைப் பற்றி பீஷ்ம சாஹ்னி எழுதிய நாவலை கோவிந்த் நிஹலானி படமாக்கினார். அதன் தொடக்கத்தில் கடவுளைக் கூப்பிட்டு ஓர் அலறல் வரும். பாட்டு என்று சொல்ல முடியாது, ஒப்பாரி என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. இந்தி ஒரு வார்த்தை தெரியாத வீடுகளிலும் அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இசைக்குத் தேசிய விருது கிடைத்தது. அவருடைய வேலைகளில் எது உச்சம் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் தமஸ் என்பேன்.

ஆனால் நாடு முழுக்கப் பதிந்தது 'பாரத் ஏக் கோஜ்'. நேருவின் புத்தகத்தை வைத்து பெனகல் எடுத்த 53 பகுதித் தொடர். சிந்துவெளி நாகரிகத்தில் தொடங்கிச் சுதந்திரம் வரை வரும். நம் சங்ககாலமும் சிலப்பதிகாரமும் சோழர்களும் அதில் உண்டு. இப்படி ஒவ்வொரு வாரமும் யுகம் மாறும் தொடருக்கு எப்படித் தலைப்பிசை போடுவது? அவர் எடுத்துக்கொண்டது ரிக்வேதத்தின் நாசதீய சூக்தம். படைப்புக்கு முன்னால் இருப்பும் இல்லை, இல்லாமையும் இல்லை என்று தொடங்கி, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், அல்லது அவனுக்கும் தெரியாதோ என்று முடியும் பாட்டு. வசந்த தேவ் அதை இந்தியில் தந்தார்.

வேதம் என்றால் ஒருவர் சொல்ல மற்றவர்கள் அதே சுரத்தில் திருப்பிச் சொல்வதைத்தான் கேட்டிருக்கிறோம். வன்ராஜ் அதை மாதா கோயில் பாடகர் குழுபோல் பல அடுக்குக் குரல்களாகப் பிரித்தார். வேதத்தில் கைவைக்கலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குப் படுவது வேறு. அந்தச் சூக்தம் கேள்விகளால் ஆனது. ஒரே சுரத்தில் சொன்னால் அது தீர்ப்புபோல ஒலிக்கும். பல குரல் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்போதுதான் ஒரு கூட்டமே நின்றுகொண்டு கேட்பதுபோல் இருக்கிறது. பாரிஸ் படிப்பு இந்தியாவில் வீணாய்ப்போனது என்பவர்களை இந்த ஒரு துண்டைக் கேட்கச் சொல்வேன்.

அவருக்கு ஆசை என்னவோ மேடை இசையில்தான். பியானோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். வயதான காலத்தில் கிரீஷ் கர்னாடின் நாடகம் ஒன்றை 'அக்னி வர்ஷா' என்ற பெயரில் ஆபராவாக, அதாவது பாடியே நடிக்கும் மேடை நாடகமாக, எழுதினார். 2012-இல் அதன் முதல் அங்கம் நியூயார்க்கில் அரங்கேறியது. அதே வருஷம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்கு வெகுமுன்பே, 1989-இல், சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்திருந்தது. 2019-இல் செல்லோ மேதை யோ-யோ மா மும்பையில் இவருடைய 'ரெவரி' என்ற இசைத்துண்டை வாசித்தார்.

அதே 2019-இல்தான், 92 வயதுக்காரர் வங்கியில் பணமில்லாமல், வீட்டிலிருந்த பீங்கான் சாமான்களை விற்கும் நிலையில் இருக்கிறார் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு பலர் கைகொடுத்தார்கள். ஏழாயிரம் ஜிங்கிள் போட்டவருக்கா இந்த நிலை என்று வெளியே இருப்பவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. ஜிங்கிளுக்கு ஒரே ஒரு தடவைதான் பணம். விளம்பரம் பத்து வருஷம் ஓடினாலும் மெட்டுப் போட்டவருக்கு அதற்குமேல் ஒரு பைசா வராது என்பதுதான் வழக்கமாக இருந்தது. திரைப்பட இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதே 2012-இல்தான்.

2021 மே 7-ஆம் தேதி, கொரோனாவின் இரண்டாம் அலை நடுவில், மும்பையில் தன் வீட்டில் காலமானார். வயது 93. அந்த நாட்களில் எத்தனையோ மரணச் செய்திகளுக்கு நடுவே இதுவும் ஒன்றாக வந்து போனது.

'மந்தன்' படத்தின் பழுதடைந்த பிரதியை ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் சீர்செய்து, 2024-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். பிறகு நம் நாட்டுத் திரையரங்குகளிலும் வந்தது. அந்தப் பாட்டை நிலையத்தார் இப்போது ஒலிபரப்பப் போகிறார்கள். முதல் தடவை பாடகியைக் கேளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் வீட்டில் இன்னொரு தடவை போட்டு, பாட்டை விட்டுவிட்டுப் பின்னால் போகும் வாத்தியங்களை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வணக்கம்.