அண்ணன் நிழலில் நின்ற இசைத்தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் ராக் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஸ்கார்பியன்ஸ்தான். 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பாட்டின் விசில் ஒலியை எங்கேனும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். அந்தக் குழுவின் சொந்த ஊர் வட ஜெர்மனியில் இருக்கும் ஹனோவர். அதே ஊரில் உருவான இன்னொரு குழு 1986-இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. குழுவின் பெயர் ஸீனோ. தட்டுக்கும் அதே பெயர்தான். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எண்பதுகளின் மெலடிக் ராக் இசையில் முன்வரிசையில் வைக்க வேண்டிய தட்டு அது என்பது என் உறுதியான எண்ணம். அப்படியிருந்தும், ராக் இசையை விடாமல் கேட்பவர்களிடம்கூடப் பெயரைச் சொன்னால், "யார் அது?" என்றுதான் கேட்கிறார்கள்.

மெலடிக் ராக் என்பதை ஒரு வார்த்தை விளக்கிவிடுகிறேன். கிட்டாரின் முரட்டு ஒலியும் டிரம்ஸின் வேகமும் இதில் உண்டு. ஆனாலும் பாட்டை நடத்திச் செல்வது மெட்டுதான். பல்லவி வரும் இடத்தில் குரல்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்து சேர்ப்பார்கள். கீபோர்டு பின்னால் நின்று இடைவெளியை நிரப்பும். ஒருமுறை கேட்டாலே பல்லவி வாயில் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் அந்தப் பாட்டு தோற்றுவிட்டது என்றுதான் கணக்கு.

குழுவுக்குப் பெயர் கொடுத்தவர் ஸீனோ ரோத், கிட்டார் கலைஞர். அவருடைய அண்ணன் ஊலி யோன் ரோத் 1970-களில் ஸ்கார்பியன்ஸ் குழுவின் முதன்மை கிட்டாரை வாசித்தவர். 1978-இல் வந்த 'டோக்கியோ டேப்ஸ்' நேரடிக் கச்சேரித் தட்டோடு அந்தக் குழுவிலிருந்து விலகி, 'எலக்ட்ரிக் சன்' என்று தனிக் குழு தொடங்கினார். மேற்கத்தியச் செவ்வியல் இசையை மின்கிட்டாருக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் அவர். ஹார்மோனிக் மைனர் என்று அவர்கள் சொல்லும் ஸ்வர வரிசையில் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு. நம் கீரவாணியின் ஏழு ஸ்வரங்களும் அதே ஏழுதான். அதனால் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு ஊலியின் வாசிப்பு ஏற்கெனவே பழகியதுபோல இருக்கும்.

இப்படிப்பட்ட அண்ணன் இருக்கும் வீட்டில் தம்பியும் கிட்டாரை எடுத்தால் ஊர் என்ன பேசும்? இருவரையும் தராசில் வைத்துப் பார்க்கும். ஸீனோவின் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் "ஊலியின் தம்பி" என்றே தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்க வேண்டியிருந்தது. அதைத் தாண்டி அவருடைய பாட்டுக்குள் போகாமல் நின்றுவிடுவதுதான் அநியாயம்.

ஊலி ஒரு மெட்டை எடுத்துக்கொண்டால் அதற்குள் எவ்வளவு தூரம் பறக்கலாம் என்று பார்ப்பவர். ஸீனோ பாட்டு கட்டுகிறவர். தட்டின் முதல் பாட்டான 'ஈஸ்டர்ன் சன்' ஒன்றைக் கேட்டாலே இது விளங்கும். பாட்டு பல்லவியை நோக்கிப் படிப்படியாக ஏறுகிறது. சரணத்தில் அடக்கி வைத்த குரல் பல்லவியில் திறந்துகொள்கிறது. கிட்டார் தனி வாசிப்பு வரும்போது விரல் வேகத்தைக் காட்டும் ஆசை அதில் தெரியவில்லை. பாடகர் விட்ட இடத்திலிருந்து கிட்டார் பாடத் தொடங்குகிறது, அவ்வளவுதான். கம்பியை இழுத்து ஸ்வரத்தை நீட்டும் இடங்களில் வயலின் சாயல் வந்துபோகிறது. அந்தத் தனி வாசிப்பை அப்படியே வாயால் பாடிவிடலாம். கிட்டார் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: முதலில் பாடிப் பாருங்கள், பிறகு வாசியுங்கள்.

பாடகர் மிக்கேல் ஃப்ளெக்ஸிக். ஆண் குரல் இவ்வளவு உச்சத்தில் இவ்வளவு நேரம் நிற்குமா என்று வியக்க வைக்கிறவர். கத்தலாகத் தோன்றாமல், உச்சத்திலும் இனிமை கெடாமல் பாடுகிறார். 'லவ் வில் லிவ்' என்ற மெதுவான பாட்டில் அந்தக் குரலின் முழு அழகும் தெரியும். பேஸ் கிட்டார் ஊலே ரிட்கென். இவர் ஊலியின் எலக்ட்ரிக் சன் குழுவில் வாசித்துப் பழுத்தவர். கீபோர்டுக்கு ரெயின்போ குழுவில் வாசித்த டான் ஏரி வந்தார். பிற்காலத்தில் டீப் பர்ப்பிள் குழுவில் சேர்ந்தவரும் அவர்தான். இஎம்ஐ போன்ற பெரிய நிறுவனம் தட்டை வெளியிட்டது. ஒரு புதுக் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த 1986-ஐ நினைத்துப் பாருங்கள். ஸ்வீடனிலிருந்து யூரோப் குழுவின் 'தி ஃபைனல் கவுன்ட்டவுன்', அமெரிக்காவிலிருந்து பான் ஜோவியின் 'ஸ்லிப்பரி வென் வெட்' இரண்டும் அந்த ஆண்டில்தான் வந்தன. அந்த வெள்ளத்தில் ஸீனோ அடித்துச் செல்லப்பட்டது. ஜெர்மனியிலிருந்து ராக் என்றால் ஸ்கார்பியன்ஸ் போலவோ அக்செப்ட் போலவோ முரட்டு ஒலியை எதிர்பார்த்தவர்களுக்கு இது அளவுக்கு மீறிய இனிப்பு. பாப் கேட்பவர்களுக்கோ இதில் கிட்டார் அதிகம். இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்றுவிட்டது. ஸீனோ என்ற பெயரில் அடுத்த தட்டு வர 1995 ஆகிவிட்டது. 'ஸீனாலஜி' என்ற அந்தத் தட்டிலும் பெரும்பகுதி, வெளிவராமல் கிடந்த பழைய பதிவுகள்.

இதற்கிடையே ஹனோவரில் இன்னொன்று நடந்தது. ரிட்கெனும், ஃப்ளெக்ஸிக்குக்குப் பிறகு ஸீனோவுக்குப் பாடிய டாமி ஹார்ட்டும், கிட்டார் கலைஞர் ஹெல்கே எங்கெல்கேவோடு சேர்ந்து 'ஃபேர் வார்னிங்' என்ற குழுவை உருவாக்கினார்கள். அவர்களுடைய முதல் தட்டு 1992-இல் வந்தது. ஜப்பான் அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. வழக்கத்தைவிட நீண்ட கழுத்தும் வயலின் உயரத்துக்குப் போகும் ஸ்வரங்களும் கொண்ட 'ஸ்கை கிட்டார்' ஊலி வடிவமைத்தது. அதை எங்கெல்கே ஃபேர் வார்னிங் பாட்டுகளில் வாசித்தார். ஃபேர் வார்னிங்கின் அடுக்குக் குரல்களையும் பாடும் கிட்டாரையும் கேட்டுவிட்டு 1986 தட்டுக்குத் திரும்பினால், அந்தப் பாணியின் ஊற்று எங்கே என்று உடனே தெரிந்துவிடும். பெரிய புகழ் கிடைக்காத தட்டு, ஒரு ஊருக்கே இசைப் பாணி கொடுத்திருக்கிறது.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். எண்பதுகளுக்கே உரிய அந்த எதிரொலி போட்ட டிரம்ஸ் இன்றைய காதுக்குச் சற்று உறுத்தும். கீபோர்டுப் பூச்சு சில இடங்களில் தடிமனாகி கிட்டாரை மூடுகிறது. ஃப்ளெக்ஸிக் கொஞ்சம் கீழே இறங்கிப் பாடக்கூடாதா என்று சில பாட்டுகளில் ஏங்குகிறோம். பதினொரு பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் இந்த ஏக்கம் கூடும். ஆகவே முதல்முறை கேட்பவர்கள் 'ஈஸ்டர்ன் சன்', 'லவ் வில் லிவ்', வேகமான 'எமர்ஜென்சி' இம்மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் 'சர்க்கிள்ஸ் ஆஃப் டான்' கேளுங்கள். மீதி தானாக உங்களை இழுத்துக்கொள்ளும். ஹெட்போன் இருந்தால் அதில் கேட்பது உத்தமம். பல்லவியில் எத்தனை குரல் அடுக்கியிருக்கிறார்கள் என்பது அதில்தான் பிடிபடும்.

ஸீனோ ரோத் 2018 பிப்ரவரியில் தமது 61-ஆம் வயதில் காலமானார். அதற்கு முன் 'லிசன் டு தி லைட்', 'ரன்வே டு தி காட்ஸ்' என்று மேலும் தட்டுகள் கொடுத்தார். அவற்றிலும் நல்ல மெட்டுகள் உண்டு. ஆனால் முதல் தட்டின் வேகமும் நம்பிக்கையும் எனக்கு அவற்றில் அதே அளவு கிடைக்கவில்லை.

இந்த உரையைத் தொடர்ந்து 'ஈஸ்டர்ன் சன்' ஒலிபரப்பாகும். கிட்டார் தனி வாசிப்பு தொடங்கியதும் கூடவே முணுமுணுத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.