பாட்டுக்குக் கீழே யார் பேர் இருக்கிறது?

(மதுரையில் ஒரு கல்லூரித் தமிழ் மன்றத்தில் பேசியது. கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். விஷயத்துக்கு நேராகவே வந்துவிடுகிறேன். சினிமாவில் பாடாமல், எந்தக் கம்பெனிக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல், நானே எழுதி நானே மெட்டுக் கட்டிப் பாடுகிற பாட்டுகளை இன்றைக்கு நாலு பேர் கேட்கிறார்கள், ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள். இதில் என் உழைப்பு இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டுகளுக்குள் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது திருட்டு என்றே நினைக்கிறேன்.

எனக்கு மேலூர்ப் பக்கம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் எங்களுக்கு நடவு. நடவில் ஒரு அம்மா முதல் அடியைப் பாடுவார், மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடுகிறார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது பாதிதான் சரி. அந்த வரிசையையே நடத்துவது பாட்டுதான். ஒருத்தி பின்தங்கினால் அடியை இழுத்துப் பாடி அவள் வந்து சேரும்வரை நிறுத்தி வைப்பார், பொழுது சாய்கிறது என்றால் முடுக்கிவிடுவார், வரப்பில் வயல்காரர் வந்து நின்றால் அவர் பேரையே பாட்டுக்குள் இழுத்து, எல்லாரும் கேட்க, வெற்றிலை பாக்குக்குக் காசும் கேட்டுவிடுவார். எழுதி வைத்துப் படிக்கிற வரி இல்லை, அந்த நிமிஷத்தில் கட்டுகிற வரி. பாட்டு எழுதக் கற்றுக்கொண்டது எங்கே என்று பேட்டியில் கேட்கும்போதெல்லாம் நான் அந்த வரப்பைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது அப்பத்தா. சுற்றுவட்டத்தில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் ஒப்பாரிக்கு அப்பத்தாவை எதிர்பார்ப்பார்கள். அடி முடிகிற இடத்தில் குரலை மேலிருந்து அப்படியே சரியவிட்டு, மூக்கை உறிஞ்சி, ஒரு மூச்சு இழுத்து, அப்புறம்தான் அடுத்த அடிக்குப் போகும். அந்த மூச்சு ஒரு தடவை நீளும், ஒரு தடவை குறுகும். வாசலில் புதிதாக ஒருத்தி தலையை விரித்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தால் பாதி அடியில் நின்று, வந்தவளுடைய முறையைச் சொல்லி அவளையும் சேர்த்துக்கொண்டு தொடரும். இதை நான் ஸ்டுடியோவில் பாடப் போனபோது காதில் ஹெட்போனை மாட்டி, டிக் டிக் என்று ஒரு கிளிக்கை ஓடவிட்டு, அதற்குள் பாடச் சொன்னார்கள். பாடினேன், சுருதி சரியாக இருந்தது, தாளம் சரியாக இருந்தது, கேட்டுப் பார்த்தால் ஒப்பாரி மட்டும் இல்லை. கிளிக்கை நிறுத்தச் சொன்னேன். உறுமிக்கார அண்ணனை எதிரே உட்காரவைத்தேன், அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உறுமியில் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள், இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அந்தத் தேய்ப்பில்தான் முனகல் வருகிறது. நான் மூச்சு இழுக்கிற இடத்தில் அவர் அடிக்காமல் தேய்த்தார். அவ்வளவுதான், பாட்டு வந்துவிட்டது. அந்த ஒப்பாரியை இன்றைக்குக் கேட்கிறவர்கள் என் குரலைப் பாராட்டுகிறார்கள், அந்தப் பாராட்டில் பாதி அந்த அண்ணனுக்குப் போக வேண்டும்.

மதுரையில் பாட வருகிறவர் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்பேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்களை வைத்துப் பாலர் சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் இது. நாடக நடிகர் சங்கம் இன்றைக்கும் இங்கே இருக்கிறது. வள்ளி திருமணம் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், சிரிக்க வைக்கிற பபூன் இன்னொரு ஊர். தனித்தனியாக புக்கிங், சேர்ந்து ஒத்திகை கிடையாது. ஆனால் மேடையில் விடிய விடியத் தர்க்கம் நடக்கும், யார் எந்தப் பாட்டை எடுத்தாலும் ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்வார். நடு ராத்திரிக்கு மேல் தூங்கி வழிகிற கூட்டத்தை ஒரே ஒரு உச்ச சுரத்தில் நிமிர்ந்து உட்கார வைப்பதை அங்கேதான் பார்த்தேன். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பாடுவது என்பதுகூட அவர்களைப் பார்த்துப் படித்ததுதான்.

சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வருவாரே, அந்தப் பயணத்தை வர்ணிப்பாகப் பாடுவார்கள், கேட்டிருப்பீர்கள். கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று இடம் இடமாக நிறுத்திப் பாடுவதைச் சின்ன வயதில் கேட்டது எனக்குள் அப்படியே கிடந்தது. எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குக் கட்டட வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அதே முறையில் நரசிங்கம்பட்டி, வெள்ளரிப்பட்டி, சிட்டம்பட்டி, ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி என்று டவுன் பஸ் நிறுத்தங்களை அடுக்கினேன். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார், யாருக்குத் தூக்குவாளியில் என்ன இருக்கும், யாருக்கு அன்றைக்கு உட்கார இடம் கிடைக்கும், இவ்வளவுதான் பாட்டு. அதைப் பரப்பியது எந்த சேனலும் இல்லை. அந்த பஸ்ஸில் போகிற அக்காக்களே தங்களுக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள், என்னுடைய நிறுத்தம் வரவில்லையே என்று சண்டைக்கும் வந்தார்கள். அப்புறம்தான் கோயில் திருவிழா, கலை இரவு, கல்லூரி விழா என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கே.ஏ. குணசேகரன், இளையான்குடிப் பக்கத்து மாரந்தைக்காரர், 2016இல் போய்விட்டார். 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர், அதே நேரத்தில் நாட்டுப்புறப் பாட்டை ஆராய்ச்சி செய்து எழுதியவர். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை அவர் குரலில் கேட்ட அன்றைக்குத்தான், நம் தெருவில் கேட்கிற மெட்டை வைத்துக்கொண்டு ஒரு கோபத்தை இவ்வளவு நேராகப் பேச முடியும் என்பது எனக்குத் தெரிந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த விஜயலட்சுமி, நவநீதகிருஷ்ணன் தம்பதி கிராமம் கிராமமாகப் போய் ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சேகரித்தார்கள், விஜயலட்சுமி அம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் அலைந்திராவிட்டால் பாதிப் பாட்டு பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடியவர்தான், ஆனால் வெளியூரில் பேர் தெரிய 1985இல் 'ஆண் பாவம்' படம் வர வேண்டியிருந்தது. பரவை முனியம்மா எத்தனையோ வருஷம் மேடையில் பாடியவர், அவருக்கும் 2003இல் 'தூள்' வந்த பிறகுதான் வெளிச்சம், கடைசிக் காலத்திலோ உடம்பு முடியாமல் அரசு உதவியை எதிர்பார்க்கிற நிலைமை. இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. அந்த இரண்டு பேருக்கும் கையில் ஒரு போனும் யூடியூபும் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் போன் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. பாடகர் அறிவு எழுதிப் பாடிய பாட்டு, தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை அதற்குள் இருக்கிறது. அந்த வருஷமே ஒரு பத்திரிகை அட்டையில் அவரோடு அதைப் பாடிய பாடகி தீ (Dhee) இருந்தார், அறிவு இல்லை, பெரிய சண்டையானது. 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாகூடத் தங்களுக்கு வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்தக் கதி.

எனக்கும் நடந்தது. அம்மா எனக்குப் பாடிய தாலாட்டை நான் பாடிப் போட்டேன், அது தங்களுடையது என்று ஒரு கம்பெனி காப்பிரைட் கிளெய்ம் போட்டது. அவர்கள் அதே தாலாட்டுக்குக் கீபோர்டு சேர்த்து எப்போதோ ரெக்கார்டு செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ரெக்கார்டிங் அவர்களுக்குச் சொந்தம், தாலாட்டு எப்படி அவர்களுக்குச் சொந்தமாகும்? எழுதிப் போராடித்தான் எடுக்க வைத்தேன். பாட்டு எழுதுகிற தம்பி தங்கச்சிகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டி பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது, கொடுத்தாலும் செல்லாது. ஒப்பந்தத்தை நீட்டி, சும்மா ஃபார்மாலிட்டிதான் என்று சொன்னால் வீட்டுக்கு எடுத்துப் போய் முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் செய்வது இதுதான். வீடியோவுக்குக் கீழே எந்த ஊரில் யார் பாடிக் கேட்டேன் என்பதை அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன். உறுமி வாசித்தது யார், தப்பு அடித்தது யார், குலவை போட்டது யார், எல்லார் பேரும் என் பேர் இருக்கிற அதே அளவு எழுத்தில். மேடைக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே பங்கைப் பேசிவிடுகிறோம். ஒப்பாரிப் பாட்டில் எழுதியவர் என்று அப்பத்தா பேரையும் சேர்த்துத்தான் பதிந்திருக்கிறேன். அடுத்த பாட்டு நடவுப் பாட்டு, அதில் முதல் அடி எடுக்கிற அம்மாவையே பாட வைக்கப் போகிறேன், நான் பின்பாட்டு.

பின்வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது: நாட்டுப்புறப் பாட்டை ரீமிக்ஸ் பண்ணலாமா? தாராளமாகப் பண்ணுங்கள். நடவில் பாடுகிற அம்மாவே போன வருஷம் பாடியதை இந்த வருஷம் அப்படியே பாடுவதில்லை. பண்ணி முடித்ததும் முதலில் அதை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், எந்த இடம் சரியில்லை என்று அவர்களே சொல்வார்கள்.