சந்தேகங்களுக்கு விளக்கம்: மாற்றுக் கருத்து சொன்னால் சபையின் ஒருமை கெட்டுவிடுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு சகோதரி எழுதி அனுப்பியிருக்கிறார், நீளமான கேள்வி என்பதால் சுருக்கிச் சொல்கிறேன். அவர்களுடைய சபையில் ஆராதனை முறையை மாற்றலாமா என்று பேச்சு வந்து, இப்போது இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். இவர் தன் மனதில் பட்டதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். உடனே மூப்பர் ஒருவர், "சபையின் ஒருமையைக் கெடுக்காதீர்கள், பேசாமல் ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டார். "பிரதர், மாற்றுக் கருத்து சொல்வது பாவமா? வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் ஒருமையா? நான் வேறு சபைக்குப் போய்விடுவதே நல்லதா?" என்று கேட்கிறார்.

சகோதரி, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். பாவம் இல்லை. அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தை இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து, இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் யூத முறைப்படி விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி. ஆராதனை முறையைவிட எத்தனையோ மடங்கு பெரிய விஷயம், சபை இரண்டாகப் போயிருக்கலாம். கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடினார்கள். அங்கே மிகுந்த தர்க்கம் உண்டானது என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். யாரும் யாரையும் பேசாதே என்று அடக்கவில்லை. பேதுரு பேசுகிறார், அப்புறம் பர்னபாவும் பவுலும் பேச மொத்தக் கூட்டமும் அமைதியாக இருந்து கேட்கிறது, கடைசியில் யாக்கோபு வேதத்திலிருந்து எடுத்துக் காட்டி ஒரு முடிவுக்குக் கொண்டுவருகிறார். அதன்பிறகுதான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுத அவர்களால் முடிந்தது. முழுசாகப் பேசித் தீர்த்தவர்கள் எழுதிய வார்த்தை அது. இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும்: கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை, யூதாவையும் சீலாவையும் கூடவே அனுப்பி, வாய்மொழியாகவும் விளக்கச் சொன்னார்கள். ஒரு முடிவை எழுதி அனுப்பினால் மட்டும் மனம் ஆறாது, யாராவது நேரில் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்று தெரிந்திருந்தது அவர்களுக்கு.

அதற்கு முன்னால் 6-ஆம் அதிகாரத்திலும் ஒரு பிரச்சினை வருகிறது. தங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசுகிறவர்கள் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர்கள் "முறுமுறுக்கிறது பாவம், ஜெபம் பண்ணுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று பொறுப்பையே கையில் கொடுத்தார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேருடைய பெயர்களைப் பாருங்கள், ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, எல்லாமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரையே நம்பி வேலையை ஒப்படைத்ததாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஜெபமும் பண்ணினார்கள், ஆனால் பேச வேண்டியதைப் பேசி, செய்ய வேண்டியதைச் செய்து ஜெபித்தார்கள். பேச்சை நிறுத்துவதற்கு ஜெபத்தை ஒரு சாக்காக எடுப்பது ஜெபத்துக்கே மரியாதை இல்லை என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் ஒருமை எங்கே கெடுகிறது? கூட்டம் முடிந்தபிறகு. அதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து வாகனம் எடுக்கிற இடத்தில் நான்கு பேர் நின்று பேசுவது, வாட்ஸ்அப்பில் தனிக் குழு ஆரம்பிப்பது, "அவருக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லியே அவருடைய குறையைப் பத்து பேருக்குச் சொல்வது. சம்பந்தப்பட்ட ஆளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. இயேசு மத்தேயு 18-இல் சொன்ன வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு. கேட்கவில்லையா, இன்னும் ஒருவரையோ இரண்டு பேரையோ கூட்டிக்கொண்டு போ. சபைக்கு வருவது அதற்கும் பிறகு. நாம் பல நேரம் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம், தனியாகப் போய்ப் பேசுகிற கட்டத்துக்கு வருவதே இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், கேட்கிறவர்களில் யாராவது அந்த நிலைமையில் இருக்கலாம். ஒருவர் சபையில் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தால், அல்லது சபைப் பணத்தில் மோசடி நடந்திருந்தால், அதற்குப் பெயர் கருத்து வேறுபாடு கிடையாது, அது குற்றம். பாதிக்கப்பட்டவரிடம் "மத்தேயு 18-இன்படி முதலில் நீ போய் அவரிடம் தனியாகப் பேசு" என்று சொல்வது கொடுமை. ஒருமையின் பேரில் அதை மூடி மறைக்கவும் கூடாது, காவல்துறைக்குப் போக வேண்டியது போகத்தான் வேண்டும்.

சகோதரியுடைய விஷயத்துக்குத் திரும்புவோம். எல்லாக் கருத்து வேறுபாட்டுக்கும் ஒரே எடை கிடையாது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டபோது பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரை முகமுகமாய் எதிர்த்தார், கலாத்தியர் 2-இல் இருக்கிறது. ஏனென்றால் அங்கே சுவிசேஷமே அடிபடுகிறது. அதே பவுல், உணவு பற்றியும் விசேஷ நாட்கள் பற்றியும் சண்டை வந்தபோது ரோமர் 14-இல் வேறு மாதிரிப் பேசுகிறார், அவனவன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கட்டும் என்கிறார். அங்கே இரண்டு பக்கத்தாருக்கும் தனித்தனியாக ஒரு எச்சரிப்பு இருக்கிறது. சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. அப்படியே உங்கள் சபைக்குப் பொருந்தும், பாருங்கள். மாற்றம் வேண்டும் என்கிறவர்கள் மற்றவர்களை "பழைய ஆட்கள்" என்று அற்பமாக நினைப்பார்கள், வேண்டாம் என்கிறவர்கள் இவர்களை "உலகத்தனம்" என்று தீர்த்துவிடுவார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. எந்தப் பக்கமானாலும் உங்களுக்குரிய எச்சரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்குரியதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சபை வரலாற்றிலும் ஒரு சம்பவம் உண்டு. ஏறக்குறைய கி.பி. 155-இல் சிமிர்னாவின் பிஷப் பாலிகார்ப் ரோமாபுரிக்குப் போய் அங்கே பிஷப்பாக இருந்த அனிசேட்டஸைச் சந்தித்தார். உயிர்த்தெழுதல் பண்டிகையை எந்த நாளில் ஆசரிப்பது என்பதில் இரண்டு பக்கமும் வேறு வேறு வழக்கம். பேசினார்கள். இவரால் அவரை இணங்கவைக்க முடியவில்லை, அவராலும் இவரை இணங்கவைக்க முடியவில்லை. அப்படியிருந்தும் சேர்ந்தே திருவிருந்தில் பங்குகொண்டார்கள், ஆராதனையை நடத்தும் கனத்தை அனிசேட்டஸ் பாலிகார்ப்புக்கே கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்துபோனார்கள். பிறகு அதே விஷயத்துக்காக விக்டர் என்ற ரோம பிஷப் ஆசியாவின் சபைகளையே ஐக்கியத்திலிருந்து விலக்கப் பார்த்தபோது, லியோனின் பிஷப் ஐரேனியஸ் இந்தச் சந்திப்பை ஞாபகப்படுத்தித்தான் அவருக்கு எழுதினார். ஒத்துப்போகவில்லை, ஆனாலும் ஒரே பந்தியில் உட்கார முடிந்தது. என்னைக் கேட்டால் ஒருமைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது அந்த மூப்பர். அவர்மேல் கசப்பு வைக்காதீர்கள். முன்னால் ஒரு சபை உடைந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கலாம், அந்தப் பயத்தில் சொல்லியிருக்கலாம். இந்த வாரமே அவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள், போனில் எழுதி அனுப்ப வேண்டாம். "ஐயா, நான் சொன்னது உங்களை வருத்தப்படுத்தியதா, நீங்கள் எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்" என்று முதலில் கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், இரண்டு பக்கத்தாரும் மதிக்கிற ஒருவரை நடுவில் வைத்துப் பேசலாம். பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகளுக்குள்ளும் பிணக்கு வந்தபோது பவுல் யார்மேல் தப்பு என்று எழுதாமல், இருவருக்கும் ஒரே விதமாகப் புத்தி சொல்லி, உதவி செய்யும்படி இன்னொருவரைக் கேட்டுக்கொண்டார் அல்லவா, அதே வழி.

வேறு சபைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, இந்த ஒரு விஷயத்துக்காக இப்போதே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். எல்லாம் செய்துபார்த்து, பல மாதம் பொறுத்தும் முடியவில்லை என்றால் பிரிந்து போவதும் நடக்கிற காரியம்தான். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவுமே பிரிந்தார்கள். ஆனால் பவுல் பிற்பாடு கொரிந்தியருக்கு எழுதும்போது பர்னபாவைத் தன்னோடு சேர்த்துத்தான் பேசுகிறார், எந்த மாற்குவை வேண்டாம் என்றாரோ அவரையே கடைசியில் "ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று கூப்பிடுகிறார். அதனால் போகிற நாள் வந்தால் மூப்பரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், கூடவே யாரையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், போன இடத்தில் இந்தச் சபையைப் பற்றிக் கேட்டால் நல்லதை மட்டும் சொல்லுங்கள்.