நான்கு துளைகள், இரண்டு அளவுகள்: மசில் கார்களின் கார்புரேட்டர்

[காட்சி: காற்று வடிகட்டி கழற்றப்பட்ட வி8 எஞ்சின். கேமரா மேலிருந்து கீழ்நோக்கி.]

முன்னால் இரண்டு சிறிய துளைகள். பின்னால் இரண்டு பெரிய துளைகள். இது 1965 மாடலில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வரத் தொடங்கிய ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர், அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி. முன்துளையின் விட்டம் 1⅜ அங்குலம், பின்துளையின் விட்டம் 2¼ அங்குலம். பரப்பளவில் பார்த்தால் பின்துளை இரண்டரை மடங்குக்கும் மேல் பெரியது. ஒரே கார்புரேட்டரில் ஏன் இப்படி இரண்டு அளவுகள்?

முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடுவோம். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று கார்புரேட்டரின் துளைக்குள், அதன் குறுகிய தொண்டை வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடத்துக்கு வெஞ்சுரி என்று பெயர். குறுகலில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். பக்கத்திலுள்ள கிண்ணத்தில் ஒரு மிதவை பெட்ரோலை எப்போதும் ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது. கிண்ணத்தில் வெளிக்காற்றின் அழுத்தம், தொண்டையில் அதைவிடக் குறைந்த அழுத்தம். இந்த வேறுபாடுதான் பெட்ரோலை ஜெட் என்ற நுண்துளை வழியாகத் தள்ளி, காற்றோடு கலக்கவிடுகிறது.

ஆக, காற்று விரைந்து ஓடினால்தான் பெட்ரோல் ஒழுங்காக வரும். சிக்கலும் அங்கேதான். சிக்னலில் நிற்கும் பெரிய எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்று மிகக் கொஞ்சம். அதே எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் முழு வேகத்தில் போகும்போது புயலையே கேட்கிறது. தொண்டையைச் சிறிதாக வைத்தால் மேல் வேகத்தில் மூச்சு திணறும். பெரிதாக வைத்தால் கீழ் வேகத்தில் காற்று ஊர்ந்து போகும். பெட்ரோல் பனியாகத் தூவாமல் சொட்டாக விழும்.

[காட்சி: 1964 போன்டியாக் ஜிடிஓ. எஞ்சின் மேல் வரிசையாக மூன்று கார்புரேட்டர்கள்.]

ஜான் டிலோரியன், ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான போன்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில், நடுத்தர அளவு காருக்குள் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினை வைத்தார்கள். அதுதான் 1964 ஜிடிஓ. இப்படிக் காரின் அளவுக்கு மீறிய பெரிய எஞ்சின் கொண்டவைதான் மசில் கார்கள். நான்கு தொண்டையுள்ள ஒரே கார்ட்டர் கார்புரேட்டருடன் 325 குதிரைத்திறன். ட்ரை-பவர் கேட்டு வாங்கியவர்களுக்கு 348. ட்ரை-பவர் என்றால் இரண்டு தொண்டை கார்புரேட்டர்கள் மூன்று. அதன் அழகு எண்ணிக்கையில் இல்லை, வரிசை முறையில் இருக்கிறது. நிதானமாக ஓட்டும்போது நடுவில் உள்ளது மட்டுமே வேலை செய்யும். மிதியை ஆழமாக அழுத்தினால்தான் ஓரத்தில் உள்ள இரண்டும் திறக்கும். ஒரே எஞ்சினுக்கு இரண்டு விதமான மூச்சு!

1966 இல் சாலைக் கார்களுக்கு வந்த கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின், எட்டுத் தொண்டைகளுடன் இரண்டு கார்ட்டர்களைச் சுமந்து 425 குதிரைத்திறன் என்று அறிவித்தது. 1969 இல் டாட்ஜும் பிளைமவுத்தும் 440 எஞ்சினில் மூன்று ஹாலி கார்புரேட்டர்களைப் பூட்டின, அது 390 குதிரைத்திறன். எல்லாம் அதே யோசனைதான்.

1967 மாடலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை ஓர் ஆணை போட்டது: கார்வெட் போன்ற விலக்குகள் தவிர, ஒரு எஞ்சினுக்கு ஒரே கார்புரேட்டர். போன்டியாக்கின் ட்ரை-பவர் அன்றோடு முடிந்தது. அதன் இடத்துக்கு வந்ததுதான் நாம் முதலில் பார்த்த குவாட்ராஜெட். இரண்டு அளவுகளுக்குக் காரணமும் இதுதான்: சிறிய முன்துளைகள் நிதான ஓட்டத்துக்கு, பெரிய பின்துளைகள் முழு வேகத்துக்கு. 1966 ட்ரை-பவர் ஜிடிஓவின் திறன் 360. 1967 இல் குவாட்ராஜெட்டுடன் வந்த உயர்திறன் எஞ்சினுக்கும் அதே 360. எஞ்சின் 400 கன அங்குலமாக வளர்ந்தது, சிலிண்டர் தலைப்பகுதியும் மாறியது என்பது உண்மைதான். ஆனாலும் மூன்று கார்புரேட்டர் செய்த வேலையை ஒன்று செய்துவிட்டது என்பதை மறுக்க முடியாது.

[காட்சி: பின்துளைகளின் மேலுள்ள தகடு மெல்லச் சாய்கிறது.]

இந்தத் தகட்டைக் கவனியுங்கள். மிதியை முழுதாக அழுத்தினால் கீழே உள்ள த்ராட்டில், அதாவது மிதியோடு இணைந்த காற்றுக் கதவு, உடனே திறந்துவிடும். ஆனால் மேலே உள்ள இந்தத் தகடு எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவுதான் திறக்கும். அது சாயும்போது அதனோடு இணைந்த ஊசிகள் மேலெழுந்து பெட்ரோலையும் அதே அளவில் கூட்டும். இவ்வளவு நுட்பமான கருவியைக் கழற்றி மூலையில் போட்டவர்கள் ஏராளம். தகட்டின் ஸ்பிரிங் இறுக்கம் தவறினால் கார் முக்கும். கிண்ணத்தின் அடியிலுள்ள அடைப்புகள் கசிந்தால் பெட்ரோல் வீணாகும். இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. குவாட்ராஜெட்டுக்குக் கிடைத்த கெட்ட பெயர் அநியாயம் என்பதே என் முடிவு.

பலர் செய்யும் இன்னொரு தவறு, தேவைக்கு மீறிய பெரிய கார்புரேட்டர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 350 கன அங்குல எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 6,000 சுழற்சியில் நிமிடத்துக்கு 10,50,000 கன அங்குலம். 1,728 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 607 கன அடி. சாதாரண எஞ்சின் அதில் 85 சதவீதம் நிரம்பினாலே நல்லது, அப்படியானால் 516. அதன் மேல் நிமிடத்துக்கு 850 கன அடி காற்று விடும் கார்புரேட்டரை வைத்தால் சிக்னலில் இருந்து கிளம்பும்போது கார் தடுமாறத்தான் செய்யும்.

ஹாலி கார்புரேட்டர்களில் இரண்டு வகை உண்டு. டபுள் பம்பரில் பின்துளைகளை உங்கள் கால்தான் நேரடியாகத் திறக்கிறது. திடீரென்று திறந்தால் காற்று உடனே பாயும், கனமான பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பின்னாலும் ஒரு பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறார்கள். இன்னொரு வகையில் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு சவ்வு பின்துளைகளைத் திறக்கும். கனமான காருக்கும் ஆட்டோமேட்டிக் கியருக்கும் இதையே நான் பரிந்துரைப்பேன்.

[காட்சி: சவ்வின் தண்டில் ஒரு காகிதக் கிளிப்.]

காரை நிறுத்திவைத்து எஞ்சினை முடுக்கினால் இந்தச் சவ்வு அசையாது. கார்புரேட்டர் பழுது என்று பலர் நினைப்பது இதனால்தான். பாரம் இல்லாத எஞ்சினுக்கு அவ்வளவு காற்று தேவையில்லை, அவ்வளவுதான். தண்டில் ஒரு காகிதக் கிளிப்பைச் சொருகி, சவ்வின் உறையை ஒட்டும்வரை மேலே தள்ளிவையுங்கள். பாதுகாப்பான, காலியான இடத்தில் முழு மிதியில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கிளிப்புக்கும் உறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறதோ, அவ்வளவு தூரம் தண்டு மேலேறிப் பின்துளைகளைத் திறந்திருக்கிறது.