இடப்பக்கம் போட்டால் நான்கும் எரிந்தன

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் நிற்பது எங்கள் வீட்டு அம்பாசிடர், 1984-ஆம் ஆண்டு மார்க் 4. போன காணொளியில் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பாதியில் போனேன், அது என்னவாயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறது, ஓடுகிறது. இன்று அதைத் தொடப்போவதில்லை. இன்று இண்டிகேட்டர். நான்கே நான்கு பல்புகள். பழையதைக் கழற்றி எல்இடி பல்பை மாட்டி, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம் என்றுதான் தொடங்கினேன். மூன்று மாலைகள் போயின.

ஏன் இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில், மத்தியான வெயிலில், வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு திரும்பினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் சடாரென்று பிரேக் பிடித்து, பக்கத்தில் வந்து, "கையையாவது காட்டக்கூடாதா சார்?" என்றார். இண்டிகேட்டர் போட்டிருக்கிறேனே என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். ஓரமாக நிறுத்திப் போய்ப் பார்த்தால், அகல் விளக்கு அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் சிரித்ததில் தப்பே இல்லை.

இதோ, பின்பக்க இண்டிகேட்டரை மூடியிருக்கும் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். பல்பு உட்காரும் இந்த ஹோல்டருக்குள் பச்சையாகவும் பழுப்பாகவும் படிந்திருக்கிறது பாருங்கள். பச்சை, பித்தளையில் ஏறிய களிம்பு. பழுப்பு, இரும்புத் துரு. இந்த விளக்குக்குத் தனியாக எர்த் வயர் கிடையாது. பல்பின் பித்தளை அடிப்பகுதி ஹோல்டரைத் தொட, ஹோல்டர் தகரத்தைத் தொட, மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் துரு உட்கார்ந்தால் வழியிலேயே வோல்டேஜ் செத்துவிடும். அளந்து பார்த்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பு எரியும்போது அதன் இரு முனைகளுக்கும் நடுவே 9.8. மூன்று வோல்ட்தானே குறைகிறது என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் பலமடங்கு இறங்கும். இந்தக் கணக்குக்குப் பாதி வெளிச்சம்கூட மிஞ்சாது.

உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தேன். விளக்கு உடம்போடு சேரும் திருகைக் கழற்றி அதன் அடியிலும் தேய்த்தேன். வாசலின் ஒரு பூச்சு. பழைய பல்பையே திரும்ப மாட்டினால் பளிச்சென்று எரிந்தது! உண்மையைச் சொன்னால், எல்இடி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் வாங்கியே இருக்கமாட்டேனோ என்னவோ. நீங்களாவது முதலில் தேய்த்துப் பாருங்கள்.

ஆனாலும் மாற்றுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பழைய பல்பு ஒவ்வொன்றும் 21 வாட். ஒரு பக்கத்துக்கு இரண்டு, 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். அத்தனையும் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் இந்த நாற்பது வயதுச் சுவிட்சின் மெல்லிய தகட்டு முனைகள் வழியாகத்தான் போகிறது. அவை தேய்ந்து கருகிப்போயிருக்கின்றன. இதே சுவிட்ச் நல்ல நிலையில் கிடைக்குமா என்று பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை முழுக்க அலைந்துவிட்டேன். கிடைத்ததெல்லாம் என்னுடையதைவிடக் கிழடு. எல்இடி பல்பு ஒன்று 0.22 ஆம்பியர்தான் இழுக்கிறது, மீட்டரில் பார்த்தேன். சுவிட்சின் ஆயுள் கூடும். எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் பழைய டைனமோ வைத்த வண்டிக்காரர்களுக்கு இன்னும் லாபம். சிக்னலில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்டத் தூங்கும், அப்போது எரியும் விளக்கெல்லாம் பேட்டரியைத்தான் தின்னும்.

பல்பு வாங்கும்போது அடிப்பகுதியைப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் பித்தளைக் குழல், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு குமிழ்கள், கீழே ஒரே ஒரு ஈயப்பொட்டு. இதன் பெயர் பிஏ15எஸ். பிரேக்கும் பார்க்கிங்கும் சேர்ந்த பல்பில் குமிழ்கள் ஏறி இறங்கி இருக்கும், கீழே இரண்டு பொட்டு. நிறமும் முக்கியம். ஆம்பர், அதாவது ஆரஞ்சு மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தால் வெளுத்துப்போன எலுமிச்சை நிறம்தான் வரும். வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தில் ஒரு பங்கை அந்தக் கண்ணாடி வடிகட்டிவிடும். ஆம்பருக்கு ஆம்பரே போடுங்கள். நுனியில் மட்டும் சில்லு, அதாவது வெளிச்சம் தரும் சின்னப் புள்ளி, இருக்கும் பல்பு வேண்டாம், சுற்றிலும் சில்லு இருக்க வேண்டும். பல்பைச் சுற்றி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் இந்தக் கிண்ணம் இழை பல்புக்காகச் செய்தது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் அதற்கு வேலை.

சரி, நான்கையும் மாட்டினேன். இடப்பக்கம் போட்டேன். நான்கும் எரிந்தன! அதுவும் கண் சிமிட்டாமல், சும்மா நின்று எரிந்தன. வயரை மாற்றிச் செருகிவிட்டேனோ என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். எந்த வயரிலும் தப்பில்லை.

அங்கே இருந்தது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. முதலாவது, விளக்கைச் சிமிட்ட வைக்கும் இந்தப் பழைய ஃபிளாஷர். தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பாதான். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை. பல்புக்குப் போகும் மின்சாரம் இதைச் சூடாக்கும். பட்டை வளையும், இணைப்பு விடும், விளக்கு அணையும். ஆறினால் மறுபடி ஒட்டும். பல்பு குடிக்கும் மின்சாரம்தான் இதற்குச் சாவி கொடுக்கிறது. மூன்றரை ஆம்பியருக்குப் பழகிய பட்டைக்கு அரை ஆம்பியருக்கும் குறைவாகக் கொடுத்தால் அது வெதுவெதுப்புகூட ஆகாது, அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்தில் ஒரு பல்பு பியூஸ் போனால் இன்னொன்று சிமிட்டாமல் நின்றதும் இதனால்தான். ஓட்டுகிறவருக்கு அதுவே எச்சரிக்கை.

இதற்குக் கடைகளில் சொல்லும் வைத்தியம், ஒவ்வொரு பக்கமும் ஒரு 6 ஓம் ரெசிஸ்டரை இணையாகப் போடுவது. அது இரண்டு ஆம்பியரை வீணாக இழுத்து ஃபிளாஷரை ஏமாற்றும். நானும் ஒரு மாலை அதைச் செய்தேன். இந்த விரலில் தெரியும் கொப்புளம் அதன் பரிசு. மின்சாரம் மிச்சமாகும் என்று எல்இடி வாங்கிவிட்டு, அதே மின்சாரத்தை டிக்கிக்குள் அடுப்பாக எரிப்பதா? கழற்றி எறிந்தேன். வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் 200 ரூபாய்க்குள் எல்இடிக்கான மின்னணு ஃபிளாஷர் கிடைத்தது. மூன்று கால்கள். பேட்டரிக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று, மூன்றாவது எர்த். பல்பு எவ்வளவு இழுக்கிறது என்று இது கேட்பதே இல்லை, தன் கணக்கில் சிமிட்டும். என் வண்டியில் நிமிடத்துக்கு 84 தடவை வருகிறது. 60-க்கும் 120-க்கும் இடையே இருக்க வேண்டும், அதனால் சரி.

இப்போது சிமிட்டியது. ஆனால் நான்கும் சேர்ந்து சிமிட்டின.

அதுதான் இரண்டாவது கோளாறு. அது என்னைச் சிரிக்கவும் வைத்தது. டேஷ்போர்டில் இண்டிகேட்டருக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை விளக்கு. அதற்கு எர்த் கிடையாது. ஒரு கால் இடப்பக்க வயரில், இன்னொரு கால் வலப்பக்க வயரில். இடப்பக்கம் போட்டால் மின்சாரம் பச்சை விளக்கைக் கடந்து, சும்மா இருக்கும் வலப்பக்கப் பல்புகளின் இழை வழியாக எர்த்துக்குப் போகும். அந்தத் துளி மின்சாரத்தில் 21 வாட் இழை சிவக்கக்கூட மாட்டாது. யாரோ ஒரு பொறியாளர் ஒரு பல்பையும் ஒரு வயரையும் மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் எல்இடிக்கு அந்தத் துளியே விருந்து, எரிந்துவிடுகிறது.

தீர்வு இதோ என் உள்ளங்கையில். 1என்4007 என்ற டயோடு, இரண்டு, ஓரிரண்டு ரூபாய்தான். ஒரு முனையில் வெள்ளிக் கோடு தெரிகிறதா? மின்சாரம் கோடில்லாத முனையில் நுழைந்து கோட்டுப் பக்கம் வெளியே வரும், திரும்பிப் போகாது. இடப்பக்க வயர் ஒரு டயோடுக்கு, வலப்பக்க வயர் இன்னொன்றுக்கு. கோடு போட்ட இரண்டு முனைகளையும் சேர்த்து ஈயம் வைத்துப் பச்சை விளக்கின் ஒரு காலுக்கு. அதன் மறுகால் எர்த்துக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து, கால்களைச் சீட்டின் மேல் போட்டுக்கொண்டு ஈயம் பற்றவைத்தேன். அதை நல்லவேளையாக யாரும் படம் எடுக்கவில்லை.

1950களின், 60களின் பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் கேளுங்கள். அவற்றில் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். நான் செய்ததை அப்படியே செய்தால் புது ஃபிளாஷர் புகைந்துவிடும். பேட்டரியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

இப்போது இடம் போட்டால் இடம், வலம் போட்டால் வலம். இழை பல்பு மெல்லச் சிவந்து மெல்ல அணையும், இது வெட்டு வெட்டென்று எரிகிறது. எனக்கு அந்தப் பழைய மெதுவான சிமிட்டல்தான் அழகு, ஆனால் வெயிலில் இதுதான் தெரிகிறது.

ஒரே குறை, சத்தம். பழைய டப்பா டிக், டிக் என்று தாளம் போடும். புதியது ஊமை. முதல் நாளே கிண்டியிலிருந்து பல்லாவரம் வரை இடப்பக்க இண்டிகேட்டரோடு போயிருக்கிறேன். எத்தனை பேர் என்னைத் திட்டினார்களோ! பச்சை விளக்கோடு இணையாக கீச்சென்று சத்தம் போடும் ஒரு 12 வோல்ட் பஸ்ஸர் வைத்தேன். கேளுங்கள். கேட்டதா? அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். இறங்கும்போது, "ஃபிரிட்ஜ் கதவை மூடாமல் விட்டுவிட்டாயா?" என்று கேட்டார். பஸ்ஸரை இன்று ராத்திரி கழற்றப்போகிறேன். அந்த டிக் டிக்கை மட்டும் தரும் ஒரு சின்ன ரிலே கிடைக்குமா என்று நாளை மறுபடி ஜி.பி. ரோடு போகிறேன். பழைய ஃபிளாஷரும் நான்கு பல்புகளும் பிஸ்கட் டப்பாவில் போட்டு டிக்கியில் இருக்கின்றன. வரட்டுமா?